ஆவேசம் இறங்கும் வேளை

சம்பளச் சிட்டையை மாதந்தோறும் கையில் வாங்கியவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் வேறு, படிகள் வேறு என்பதை விளக்கத் தேவையில்லை. சிட்டையின் அடியில் எழுதப்படும் தொகை ஒன்றுதான்; வீட்டுச் செலவும் அதை நம்பியே நடக்கிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு நின்றுபோன மாதத்தில்தான், அதில் எவ்வளவு நமக்குரியது, எவ்வளவு வந்து தங்கிப் போவது என்பது வீட்டாருக்குத் தெரியவருகிறது.

இந்த வித்தியாசத்தை வைத்தே உயிரும் மரணமும் தீர்மானிக்கப்படும் ஒரு விளையாட்டு உண்டு. 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ஆக்கியது. 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாய்ச்சொல்லாலேயே ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். 'டன்ஜன் மாஸ்டர்' எனப்படுபவர் நமது நாட்டுக்கூத்தின் அண்ணாவியாரைப் போன்றவர். களத்தை அமைப்பவர், எதிரிகளை ஆட்டுவிப்பவர், வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்பவர் எல்லாம் அவரே. வெட்டு விழுந்ததா, பூட்டு உடைந்ததா என்பதை இருபது முகங்கொண்ட பகடை சொல்லும். பகடையில் விழும் எண்ணோடு பாத்திரத்தின் பலம், சாதுரியம், உடலுறுதி முதலியவற்றுக்குரிய எண்கள் கூட்டப்படும்.

பலம் 16 என்றால் கூட்டவேண்டியது 3. இது அடிப்படைச் சம்பளம். இதன்மேல் மந்திரத்தாலும் பாட்டாலும் கோபத்தாலும் சிறிது நேரத்துக்கு வந்து சேரும் போனஸ்கள்தான் படிகள். அவற்றை மேசையில் எப்படிக் கணக்கு வைத்திருப்பது என்பது, இந்த விளையாட்டை ஆடுவோரிடையே தீராத வழக்கு. பத்திரிகை அலுவலகத்தில் எண்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் என்பதால், எனக்கு அந்த வழக்கில் தனியான ஈடுபாடு உண்டு.

விளையாட்டின் மூன்றாவது பதிப்பு 2000 ஆம் ஆண்டு வந்தது. அதை 'விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்' நிறுவனம் வெளியிட்டது. அந்தப் பதிப்பின் ஆசிரியர்கள் போனஸ்களுக்கெல்லாம் சாதி பிரித்துப் பெயரிட்டார்கள். மனத்துணிவால் வருவது, அதிர்ஷ்டத்தால் வருவது, மேம்படுத்தலால் வருவது, தெய்வ அருளால் வருவது, விலகி ஒதுங்குவதால் வருவது என்று அந்தப் பட்டியல் ஒரு டசினையும் தாண்டும். விதி சுருக்கமானது: ஒரே சாதியைச் சேர்ந்த இரண்டு வந்தால் பெரியது மட்டும் நிற்கும்; வெவ்வேறு சாதியாயின் இரண்டும் கூடும். மதகுரு ஆசீர்வதித்தால் கிடைக்கும் 1, மனத்துணிவுச் சாதி. பாணன் பாடி ஊக்கப்படுத்தினால் கிடைக்கும் 1, அதுவும் மனத்துணிவுச் சாதி. இரண்டும் சேர்ந்தாலும் 1 தான். வேறொரு பிரார்த்தனையால் வரும் 1 அதிர்ஷ்டச் சாதி என்பதால் அது மேலே கூடும். விலகி ஒதுங்கும் போனஸ்களுக்கு விதிவிலக்கு உண்டு. அவை தம்முள்ளும் கூடிக்கொள்ளும்.

எருதின் பலம் என்ற மந்திரத்தை உதாரணத்துக்கு எடுக்கிறேன். 2003 இல் வந்த திருத்திய பதிப்பின்படி அது பலத்தில் 4 ஐக் கூட்டும். 16 இருந்த வீரனுக்கு 20 ஆகும். பகடையோடு கூட்டவேண்டியது 3 இலிருந்து 5 ஆகும். இத்துடன் கணக்கு முடிந்துவிட்டதென்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். இரு கைகளாலும் பிடிக்கும் பெருவாளுக்குக் காயத்தின் அளவில் பலத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டவேண்டும். மூன்றின் ஒன்றரை மடங்கு நாலரை, பின்னம் தள்ளி நான்கு. ஐந்தின் ஒன்றரை மடங்கு ஏழரை, பின்னம் தள்ளி ஏழு. ஆகவே குறி தப்பாமைக்கு இரண்டும் காயத்துக்கு மூன்றும் கூடுகின்றன. ஏறும் திறன், பாயும் திறன், சுமக்கக்கூடிய பாரம் எல்லாம் கூடவே மாறும். அவன் ஏற்கனவே பலத்தை இரண்டால் மேம்படுத்தும் மாயக் கையுறை அணிந்திருந்தால், அந்த இரண்டை முதலில் கழித்துவிட்டுத் தொடங்கவேண்டும். கையுறையும் மந்திரமும் ஒரே சாதி. இவ்வளவும், எதிரே பூதம் நின்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது!

மூன்றாவது பதிப்பின் முதல் வடிவத்தில் இந்த மந்திரத்தின் ஆயுள், மந்திரவாதியின் மட்டம் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம். எட்டாம் மட்டத்து மந்திரவாதி என்றால் எட்டு மணித்தியாலம். ஆயுளை இரட்டிக்கும் பயிற்சியும் அவனிடம் இருந்தால் பதினாறு. காலையில் பல் துலக்குவதுபோல மந்திரத்தைச் சொல்லிவிட்டு, இரவு படுக்கும்வரை எருதின் பலத்தோடு உலவினார்கள். பாத்திரத்தாளில் பலம் என்ற கட்டத்திலேயே கூட்டிய எண்ணைப் பென்சிலால் எழுதினார்கள். சில நாளில் பேனையால் எழுதினார்கள். பெயரளவிலே தற்காலிகம், நடப்பிலே நிரந்தரம். எங்கள் நாட்டுக்காரருக்கு இது புதிதல்ல. 1979 இல் மூன்றாண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் பெயருக்குள்ளேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் உண்டு. 1982 இல் கால எல்லை போயிற்று, சொற்கள் மட்டும் பெயரில் மிஞ்சின. விளையாட்டை ஆக்கியோர் அந்த வகையில் மேலானவர்கள் என்றே சொல்வேன். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மணித்தியாலத்தை வெட்டி நிமிடமாக்கினார்கள். எட்டு மணித்தியாலம் எட்டு நிமிடமாயிற்று. ஆடுவோர் பலர் கொதித்தார்கள்.

இந்தக் கணக்கு ஒருவரை எப்படிச் சுடும் என்பதை நான் நேரில் கண்டது 2007 இன் பனிக்காலத்திலே. ஸ்காபுரோவில் அக்கா வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மாலையானால் அக்காவின் மகனும் அவனோடு பல்கலைக்கழகத்தில் படித்த நால்வரும் நிலக்கீழ் அறையிலே மேசையைப் போட்டு இந்த ஆட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அவனே டன்ஜன் மாஸ்டர். அக்கா கீழே அனுப்பும் றோல்ஸ் தட்டோடு நானும் போய் ஒரு மூலையில் அமர்ந்துகொள்வேன்.

அவர்களில் ஒரு பெண்பிள்ளை 'பார்பேரியன்' வகுப்பைச் சேர்ந்த ஒரு பாத்திரத்தை இரண்டு ஆண்டுகளாக ஆடிவந்தாள். எட்டாம் மட்டம். இந்த வகுப்பினரின் தனிச்சிறப்பு ஆவேசம். ஆவேசம் கொண்டால் பலத்தில் 4, உடலுறுதியில் 4 கூடும். காத்துக்கொள்ளும் திறனில் 2 குறையும். உடலுறுதி கூடுவதால் மட்டம் ஒன்றுக்கு இரண்டாக உயிர்ப்புள்ளிகளும் ஏறும். எட்டாம் மட்டத்தில் அது பதினாறு. ஆவேசத்தின் ஆயுள், மூன்றோடு ஏறிய உடலுறுதிக்குரிய எண்ணைக் கூட்டிவரும் சுற்றுகள். அவளுக்கு அது ஏழு. ஒரு சுற்று ஆறு விநாடி என்பது விதி. ஆகவே நாற்பத்திரண்டு விநாடி. முடிந்ததும் சோர்வு வந்து பலமும் இலாவகமும் குறையும். கோயில் வாசலில் உருவேறி ஆடுபவர், உரு இறங்கியதும் துவண்டு சரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதி விளங்கும்.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. மந்திரங்கள் சிலவற்றால் வரும் தற்காலிக உயிர்ப்புள்ளிகள், காயம்படும்போது முதலில் செலவாகிவிடும். அதனால் அவை முடியும்போது இழக்க ஒன்றும் இராது. ஆவேசத்தால் ஏறும் பதினாறு அப்படியல்ல. அவை முதலில் செலவாவதில்லை. ஆவேசம் இறங்கும்போது, உள்ள இருப்பிலிருந்து பதினாறும் ஒருமிக்கக் கழிக்கப்படும். கடன் வாங்கிய பணத்தைத் தவணை நாளில் வட்டிக்காரன் கேட்பதுபோல.

அன்று சண்டை உக்கிரமாக இருந்தது. அவள் முன்னணியில் நின்று, மற்ற மூவர்மீது விழவேண்டிய அடியையும் வாங்கிக்கொண்டு, தலைவனை வெட்டி வீழ்த்தினாள். அவளிடம் உயிர்ப்புள்ளி ஐந்து மிச்சம். எஞ்சிய எதிரிகள் ஓடத் தொடங்கினார்கள். மதகுருவை ஆடியவன், காயம் ஆற்றும் மந்திரம் கையில் இருந்தும், ஓடுபவன் முதுகில் ஒன்று வைத்துப் பார்ப்போமென்று பகடையை எடுத்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் மருமகன் அட்டைத் திரைக்குப் பின்னாலிருந்து தன் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏழாவது சுற்று முடிஞ்சுது."

ஐந்திலிருந்து பதினாறைக் கழித்தால் கழித்தல் பதினொன்று. கழித்தல் பத்தில் மரணம். வெற்றி பெற்ற களத்தில், எதிரி எவரும் தொடாமல், அவளுடைய பாத்திரம் நின்றபடியே செத்து விழுந்தது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். கணக்குப் பிழை என்று எவராலும் சொல்லமுடியவில்லை. விதிப்புத்தகம் திறந்தே கிடந்தது. மதகுருவை ஆடியவன்தான் உண்மையில் உடைந்துபோனான். ஒரு சுற்றுக்கு முன்னர் அவன் காயத்தை ஆற்றியிருந்தால், அந்த மட்டத்தில் சராசரியாகப் பதினேழு புள்ளி ஏறியிருக்கும்; பதினாறு கழிந்தாலும் அவள் காலில் நின்றிருப்பாள். எத்தனையாவது சுற்று என்று தெரிந்திருந்தால் ஆற்றியிருப்பேன் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவளும் எண்ணவில்லை. ஆவேசம் வந்தபோது பலத்தில் நான்கைக் கூட்ட அவள் ஒருபோதும் மறந்ததில்லை. அது எப்போது வந்தது என்பதைக் குறிக்கத்தான் மறந்திருந்தாள். வருவதை எல்லோரும் எழுதிவைப்பார்கள். போவதை எழுதிவைக்கும் கை எந்த அலுவலகத்திலும் அரிது.

என் மருமகன் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்கள் சொல்லுங்கோ. நான் செய்தது பிழையோ?"

எண்ணிக்கை சரி, ஆனால் அதைத் திரைக்குப் பின்னால் வைத்திருந்தது சரியல்ல என்றேன். எதிரியின் இரகசியத்தை அவன் மறைக்கலாம். அது ஆட்டத்தின் பகுதி. தன் உடம்பில் ஏறிய உரு இறங்கப்போகிறதென்பது ஆடுபவருக்குத் தெரியாதா? கைகால் நடுங்கத் தொடங்கியிருக்கும்; பக்கத்தில் நிற்பவனுக்கும் முகத்தில் தெரிந்திருக்கும். பாத்திரத்துக்குத் தெரிந்திருக்கவேண்டிய ஒன்றை அதை ஆடுபவரிடமிருந்து மறைத்துவிட்டு, விதியைக் காட்டித் தண்டிப்பது நியாயமல்ல என்பது என் கட்சி. இன்றும் அதுவே என் கட்சி.

அந்தப் பெண்பிள்ளை எங்கள் இருவரையும்விடத் தெளிவாக இருந்தாள். ஒரு சுற்றைப் பின்னோக்கி எடுக்கலாம் என்று அவர்கள் சொன்னதை அவள் ஏற்கவில்லை. "செத்தது செத்ததுதான். அடுத்த கிழமை தொடக்கம் எண்ணிக்கை மேசையில இருக்கவேணும்," என்றாள். பாத்திரத்தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அந்த மேசையின் நடைமுறை மாறியது. ஒருவர்மீது தற்காலிகமாக எது ஏறினாலும், உடனே அவர் முன்னால் ஒரு பகடை வைக்கப்படும். அதன் மேல்முகத்தில் எஞ்சிய சுற்றுகளின் எண். மந்திரத்தைப் போட்டவருடைய முறை வரும்போது அவரே அதை ஒன்றால் குறைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லவேண்டும். போட்டவருடைய முறையிலே குறைப்பதற்குக் காரணம் உண்டு. சுற்றுக்கணக்கில் நிற்கும் எந்த விளைவும், அது தொடங்கிய அதே முறை திரும்பி வருவதற்குச் சற்று முன்னர் முடிகிறது என்பது விதி. பெற்றவருடைய முறையில் குறைத்தால் சிலருக்கு ஒரு வெட்டு கூடுதலாகக் கிடைத்துவிடும், சிலருக்கு ஒன்று குறைந்துவிடும்.

இன்னொரு மாற்றம் நான் சொல்லி வந்தது. தேர்தல் இரவுகளில் எங்கள் ஆசிரிய பீடத்தில் 22 தேர்தல் மாவட்டங்களுக்குமான அட்டவணைகளை, வாக்கு எண்ணிக்கைக்குரிய இடங்களை வெறுமையாக விட்டு, மாலையிலேயே தயாரித்து வைத்துவிடுவோம். முடிவு வந்த பின்னர் கோடு போடத் தொடங்கினால் பத்திரிகை விடிந்தும் வெளிவராது. அதுபோல ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தாளில் மூன்று வரிகளை வீட்டிலிருந்தே எழுதி வரட்டும் என்றேன்: வழமை நிலை, ஆவேச நிலை, ஆவேசத்தோடு எருதின் பலமும் சேர்ந்த நிலை. ஆவேசத்தால் வரும் நான்குக்குச் சாதிப் பெயர் இல்லை; ஆகவே அது எருதின் பலத்தோடு கூடும். பலம் 16 இலிருந்து 24 ஆகும். சண்டை நடுவே அதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தால் பூதத்துக்கே கொட்டாவி வரும். வரிகள் முன்னரே எழுதப்பட்டிருந்தால் விரலை ஒரு வரி கீழே இறக்கினால் போதும். ஆவேசம் இறங்கினால் விரல் மேலே போகும்.

பகடை மேசைக்கு வந்ததும் ஆட்டத்தின் சுவையே வேறாயிற்று. மூன்று என்ற எண் தெரிந்தவுடன் மதகுரு நகரத் தொடங்குவான். இரண்டு என்றால் பாணன் பாட்டை நிறுத்தலாமா என்று கேட்பான். நிறுத்திய பிறகும் அவன் ஊட்டிய துணிவு ஐந்து சுற்றுக்கு நிற்கும் என்பதால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. எதிரிகளும் கெட்டிக்காரரானார்கள். ஆவேசம் கொண்டவர் எதிரே வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பார்கள். நாற்பத்திரண்டு விநாடி தாக்குப்பிடித்தால் போதுமே. கர்ணனிடம் இந்திரன் கொடுத்த வேல் ஒருமுறைக்கு மட்டுமே உரியது என்பதை அறிந்த கண்ணன், கடோற்கசனைக் களத்துக்கு அனுப்பி அதைச் செலவழிக்க வைத்தது இந்த வகைக் கணக்குத்தான்.

கணனியில் ஆடுபவர்களுக்கு இந்தச் சிரமங்கள் இல்லை. 2002 இல் வந்த 'நெவர்வின்டர் நைட்ஸ்' இதே மூன்றாவது பதிப்பின் விதிகளைக் கணனிக்குள் கொண்டுவந்தது. கூட்டலையும் கழித்தலையும் இயந்திரமே பார்த்துக்கொண்டது. அங்கே எவரும் எண்ணை வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பதற்றமும் இல்லை.

பின்வந்த பதிப்புகள் இந்த வழக்கை வெவ்வேறு விதமாகத் தீர்க்க முயன்றன. 2008 ஆம் ஆண்டின் நான்காவது பதிப்பில் பெரும்பாலான விளைவுகள் 'உமது அடுத்த முறை முடியும்வரை' என்று குறுகிவிட்டன. எண்ணவேண்டிய தொகை குறைந்தது, எண்ணவேண்டிய தடவைகள் பெருகின. என் பார்வையில் அது கடனை அடைக்கக் கடன் வாங்கிய கதை. 2019 இல் வந்த 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பு, சாதிகளை மூன்றாகக் குறைத்தது: சூழ்நிலையால் வருவது, பொருளால் வருவது, உடல்நிலை மனநிலைகளால் வருவது. இது நல்ல சீர்திருத்தம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு 2014 இல் வந்த ஐந்தாவது பதிப்பினுடையது. அதில் எருதின் பலம் தனி மந்திரமாக இல்லை. பலத்தின் எண்ணை உயர்த்துவதற்குப் பதிலாக, பலம் சோதிக்கப்படும்போது பகடையை இருமுறை எறிந்து நல்லதை எடுத்துக்கொள் என்று வைத்துவிட்டார்கள். ஒன்றரை மடங்குமில்லை, பின்னமுமில்லை. அதைவிட முக்கியம், 'மன ஒருமை' என்ற விதி. இத்தகைய மந்திரங்களில் பெரும்பாலானவற்றை அதைப் போட்டவர் மனத்தை ஒருமுகப்படுத்தித் தாங்கிக்கொண்டிருக்கவேண்டும்; ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் தாங்கலாம். அவருக்கு அடி விழுந்தால் உடலுறுதியைச் சோதிக்கவேண்டும். இலக்கு 10, அல்லது காயத்தின் பாதி, இரண்டில் பெரியது. தவறினால் மந்திரம் அந்தக் கணமே கலைந்துவிடும். மூவரை ஆசீர்வதித்து நிற்கும் மதகுருவுக்கு 30 புள்ளிக் காயம் பட்டால் அவன் எறியவேண்டியது 15. மேசையிலுள்ள அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள், ஏனெனில் மூவருடைய போனஸும் அந்த ஒரு பகடையில் தொங்குகிறது. ஏறியதைச் சுமக்கும் பொறுப்பு ஒரு தெரிந்த ஆளின் தலையில் இருப்பதால் மறதிக்கு இடம் குறைவு.

மூன்றாவது பதிப்பின் பழைய ஆட்டக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. போனஸ்களை அடுக்கடுக்காகச் சேர்த்து, யாரும் எதிர்பாராத பெரிய எண்ணைக் கட்டியெழுப்பும் இன்பம் போய்விட்டது என்பது அவர்களின் முறைப்பாடு. அதில் நியாயம் இல்லாமலில்லை. என் மருமகனும் அந்தக் கட்சியே. இன்றைக்கும் அவன் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான் ஆடுகிறான். மேசையில் பகடையும் இருக்கிறது.

ஆனாலும் பகடையால் தீராத ஒன்று உண்டு. சண்டைக்குள் சுற்றுகளை எண்ணலாம். சண்டை முடிந்த பின்னர், இன்னும் ஐந்தாறு நிமிடம் எஞ்சியிருக்கும் எருதின் பலத்தை எப்படி எண்ணுவது? கதையில் நிமிடம் ஓடும் வேகம், பேசுபவரின் வாயைப் பொறுத்தது. 'அடுத்த அறைக்குப் போகிறோம்' என்பது எத்தனை நிமிடம்? ஆடுவோர் அரை நிமிடம் என்பார்கள், டன்ஜன் மாஸ்டர் பத்து என்பார். என் மருமகன் இதற்குப் பிடித்துக்கொண்டது விதிப்புத்தகத்திலேயே உள்ள ஒரு கணக்கை. ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரம் ஒன்றை ஒன்றும் தவறாமல் முழுமையாகத் தேடுவதென்றால் இருபது சுற்று, அதாவது இரண்டு நிமிடம். பத்தடிக்குப் பத்தடி அறையில் அத்தகைய சதுரங்கள் நான்கு. எட்டு நிமிடம். எட்டாம் மட்டத்து மந்திரவாதி போட்ட எருதின் பலம் முழுவதும் ஒரு சிறிய அறையின் தரையைத் தடவுவதிலேயே தீர்ந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு சண்டையின் முடிவிலும், பிணங்களின் சட்டைப்பைகளை அவர்கள் துழாவத் தொடங்கும்போது, அவன் அந்தப் பகடையைச் சுட்டிக்காட்டி ஒரு கேள்வியைக் கேட்கிறான்: "தேடப்போறீங்களோ, இல்லாட்டி இந்தப் பலத்தோட அடுத்த கதவை உடைக்கப்போறீங்களோ?"